மேற்பரப்பில் சேதமில்லை

லியாக்கத் அலியின் மனைவி அஜீசுன்னிசா கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பியபோது துணிமணி எடுக்கவில்லை, நகை எடுக்கவில்லை, பிரஷர் மாத்திரைகூட எடுக்கவில்லை. மீன் பொரிக்கிற இரும்புக் கல்லை எடுத்தார். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, கடலூர் முதுநகர் பஸ் ஸ்டாப்பில் நின்று சிதம்பரம் பஸ் ஏறிப் போயே விட்டார்.

அந்தக் கல் லேசுப்பட்ட கல் இல்லை. கல்யாணமான வருஷம், மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கிள்ளைக்கு எழுந்தருளியபோது போட்டிருந்த கடைகளில் ஒரு கொல்லரிடம் பேரம் பேசி வாங்கியது. முப்பத்து நான்கு வருஷமாக மீனைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறியதில்லை. ஒருதரம் மருமகப் பிள்ளை தெரியாத்தனமாக அதில் ஆம்லெட் போடப் போய், இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

போன காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் லியாக்கத் அலிக்கு முன்னால் வேண்டாம்.

அவர்களுடைய மகள் ஷாசியா சார்ஜாவில் இருக்கிறாள், நிறைமாதம். பிரசவத்துக்கு அஜீசுன்னிசா மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அதைப் பேச நெல்லிக்குப்பத்திலிருந்து சம்பந்தி வந்திருந்தார். வந்தவருக்கு சஹன் சாப்பாடு, அதாவது ஒரே பெரிய தட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. சோற்றின்மேல் ஒரு முழு வவ்வால் மீன், தோல் பொன்னிறமாக மொறுமொறுவென்று படுத்திருந்தது. லியாக்கத் அலி தன் பக்கம் இரண்டு வாய் கிள்ளிவிட்டார். சம்பந்திக்குக் கை படாத பக்கமாகக் கொடுப்போமே என்று நல்லெண்ணத்தில் மீனைப் புரட்டினார். மறுபக்கத்தில் தோலே இல்லை. சதை பிய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

சம்பந்தி நல்ல மனுஷர், கூரையைப் பார்த்தார். லியாக்கத் அலியும் அத்தோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"கல்லுல ஒட்டிக்கிச்சு போல," என்றார் லியாக்கத் அலி சத்தமாக. "இப்பல்லாம் இவுங்களுக்கு முன்ன மாதிரி கை வர்றதில்ல."

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. சம்பந்தி போனதும் கல்லும் போயிற்று, கல்லுக்குச் சொந்தக்காரியும் போனார்.

இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து அஜீசுன்னிசாவின் தம்பி யாசர் கூப்பிட்டார். லால்கான் தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர். அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட ஜென்மம்.

"மச்சான், இது அக்கா சொல்லுது, நான் சொல்லல," என்று தொடங்கினார். "ஒரு முழு வவ்வா மீனு. நீங்களே பொரிக்கணும். இரும்புக் கல்லுல. நான்ஸ்டிக்கு கிடையாது. தோலு ஒரு எடத்துல உரியக் கூடாது."

"எனக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதே மச்சான்."

"அக்கா சொல்லுது, நான் சொல்லல. நீங்கதான் பொரிச்சீங்கங்கறதுக்கு ரெண்டு சாட்சி வேணும்."

"ரெண்டு சாட்சி வைக்க இது என்னா நிக்காஹ்வா?"

"தொட்டுக்க முருங்கைக்கீரை, வெங்காய ஊறல். அதுவும் நீங்களே செய்யணும். சோறும் ரசமும் அக்காவே ஆக்கிடுமாம். வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்குள்ள இங்க வந்துடணும்."

"வரலைன்னா?"

யாசர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை ராத்திரி சார்ஜா ஃபிளைட்டு. மூணு மாசம்னு இருந்துச்சில்ல? இப்ப அங்கியே இருந்துடறேங்குது. ஷாசியா புருஷனும் சரின்னுட்டாரு. மச்சான், சூட்கேஸு வாங்கியாச்சி. ரெண்டு. பெரிய சைஸு."

போனை வைத்தபிறகும் பெரிய சைஸ் என்ற சொல்லே லியாக்கத் அலியின் காதில் நின்றது. கோபத்தில் ஆயிரம் சொல்லலாம், அதெல்லாம் ஆறிப்போகும். ஆனால் அஜீசுன்னிசா தேவையில்லாமல் பெரிய சைஸில் எதையும் வாங்கி அவர் பார்த்ததே இல்லை. அறுபத்தோரு வயசில், இந்த வீட்டில், தனியாக எத்தனை நாள் ஓட்டல் இட்லி தின்பது? இட்லி போகட்டும். மகரிபு தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்தால் யார் இருப்பார்கள்? பயந்துபோனார் மனுஷர். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு தேவசகாயத்திடம் மட்டும் சொன்னார். தேவசகாயம் சர்க்கரை ஆலை லேபில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார், காபியைக்கூட. எதிர்வீட்டு உத்திராபதி குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவார். சாட்சி இரண்டும் தெருவிலேயே கிடைத்துவிட்டதில் லியாக்கத் அலிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதலில் கல் வேண்டும். புதுக் கல் வாங்கினார். புதுக் கல்லில் எதைப் போட்டாலும் ஒட்டும், அதைப் பழக்க வேண்டும் என்று தெருவில் போகிற பொம்பளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது. ராத்திரி முழுக்க அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர்தானே, தேய்ப்பதில் குறை வைக்கவில்லை. கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை போட்ட மீன் கல்லோடு கல்லாகிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க கடையிலிருந்து பட்டி பார்க்கிற தகடு கொண்டுவர வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை போட்டது மூன்று துண்டாக வந்தது, ஒவ்வொன்றிலும் தோல் இல்லை. தேவசகாயம் கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து கல்லுக்கு நேராகப் பிடித்தார். அது சிவப்பு விளக்கு எரிந்து 'ஹை' என்று காட்டிக் கூவியது.

"கல்லுக்கு நல்ல காய்ச்சல் பாய்," என்றார்.

"எத்தினி டிகிரி சார்?"

"நாப்பத்திரண்டுக்கு மேல இதுக்கு எண்ணத் தெரியாது."

பிறகு மீனுக்குக் காட்டினார். முப்பது என்றது. மீன் ஆரோக்கியமாக இருக்கிறது என்பது வரைக்கும் அன்றைக்கு உறுதியாயிற்று. தெருப் பூனைகள் இரண்டும் அந்த வாரத்தில் நன்றாகத் தேறின.

புதன்கிழமை துறைமுகத்துக்குப் போனபோது, மூன்று நாளாக அவருக்கு வவ்வால் விற்ற ஆரோக்கியம்மாளுக்கே பொறுக்கவில்லை.

"என்னா பாய், தெனம் ஒண்ணு வாங்குற. வூட்டுல விசேஷமா?"

லியாக்கத் அலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆரோக்கியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்து முடித்தபிறகு சொன்னார்: "மீன கழுவிட்டு ஈரம் இல்லாம தொடை. மிளகு, மஞ்சா, உப்பு, அவ்ளோதான். கல்லுல தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடணும், அப்பறம் எண்ணெய ஊத்தி மீன போடு. போட்டுட்டு கைய கட்டிக்கினு நில்லு. தொடாத. வெந்துச்சின்னா அதுவா கல்ல வுடும். வுடறதுக்கு முன்னாடி நீ தொட்டா தோலு கல்லுக்குத்தான். ஆம்பளைங்களுக்கு அந்தப் பொறுமைதான் கிடையாது."

லியாக்கத் அலிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரா பொறுமை இல்லாதவர்? இருபத்தெட்டு வருஷமாகக் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் என்ன சொல்கிறார்? மொத கோட்டு காயட்டும், அவசரப்பட்டு ரெண்டாவது அடிச்சா உரிஞ்சிக்கினு வரும், என்றுதானே? மீனும் சுவரும் ஒன்றுதான் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வவ்வால் வாங்கினார், ஒன்று பழக, ஒன்று பொரிக்க.

அன்று மாலை தேவசகாயம் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்தது. கீரை சமைப்பது பெரிய வித்தை இல்லை, ஆய்வதுதான் உயிரை எடுக்கும். டிவிக்கு முன்னால் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அஜீசுன்னிசா இதே இடத்தில் உட்கார்ந்து ஆய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூட முறத்தை இந்தப் பக்கம் இழுத்ததில்லை. அரை மணியில் கண் எரிந்தது. ஒரு மணியில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு கட்டுக் கீரை இரண்டு கைப்பிடியாகக் கிடந்தது. இதையா வாரத்துக்கு இரண்டு தடவை செய்தாள் என்று நினைத்தபோது அவருக்கு என்னவோ போல ஆகிவிட்டது. டிவியில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாட்சிகள் இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்தார்கள். உத்திராபதி வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். கீரையை வரமிளகாய் தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு இறக்கினார் லியாக்கத் அலி. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டுப் பிசறி வைத்தார். பழக வாங்கின மீனில் பாதித் தோல் தேறியது. அதுவே அந்த வாரத்துச் சாதனை.

அடுத்தது அசல் மீன். கடையிலிருந்து கொண்டுவந்த புதுப் பனியன் துணியால் மூக்கு முதல் வால் வரை துடைத்து மசாலா தடவினார். கல்லில் தண்ணீர் முத்து முத்தாக ஓடியது. எண்ணெய் விட்டு, பிஸ்மி சொல்லி, மீனை இறக்கினார். சுர்ரென்றது.

"கைய கட்டு பாய்," என்றார் தேவசகாயம் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி.

கட்டினார். ஒரு நிமிஷத்தில் கை தானாக அவிழ்ந்தது. உத்திராபதி வேறு வழியில்லாமல் பின்னால் வந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் தகராறு நிலத்தில்கூட இப்படிப் பிடித்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஐந்தரை நிமிஷத்தில் தேவசகாயம் கல்லை லேசாக ஆட்டினார். மீன் அழகாக வழுக்கிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று.

"வுட்டுடிச்சி!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

திருப்பிப் போட்டால், அல்லாவே, என்ன தோல்! தங்கத் தகடு மாதிரி. லியாக்கத் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மச்சான், பஸ்ஸு ஏறிட்டீங்களா? அக்கா வாசலையே பாக்குது. இது நான் சொல்றேன், அக்கா சொல்லல."

வாசலையே பார்க்கிறாளா! ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. உத்திராபதி கையை விட்டிருந்த நேரம், லியாக்கத் அலி தோசைத் திருப்பியை எடுத்து மீனுக்கு அடியில் கொடுத்துவிட்டார். சர்ரக் என்றது. மீன் வந்தது, தோல் வரவில்லை. தோல் கல்லில் இருந்தது.

இன்னொரு மீன் இல்லை. துறைமுகத்துக்குப் போய்வர நேரமும் இல்லை. லியாக்கத் அலி பித்துப் பிடித்தவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மீனை மெதுவாகத் தூக்கி, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி பெரிய தட்டில் வைத்தார். ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் வெங்காயம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

"எழுதுங்க சார்," என்றார் உத்திராபதியைப் பார்க்காமல்.

உத்திராபதி தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "பாய், நான் பாக்காததுக்குக் கையெழுத்துப் போட்டதில்ல. பாத்தத மறைச்சும் எழுதுனதில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு." எழுதி, வாசித்தும் காட்டினார்:

"கடலூர் முதுநகரில் வசிக்கும் காலஞ்சென்ற காதர் மொய்தீன் குமாரர் லியாக்கத் அலி என்பவர் எங்கள் கண்முன்பாக, பிறர் கை படாமல், தானே பொரித்த வவ்வால் மீன் ஒன்று. இதற்கு நான்கெல்லையாவது: கிழக்கே தலை. மேற்கே வால். வடக்கே முருங்கைக்கீரை. தெற்கே வெங்காய ஊறல். இந்நான்கெல்லைக்கு உட்பட்ட மீனின் மேற்பரப்பில் சேதமில்லை என்று இதன்மூலம் சாட்சி கூறுகிறோம்."

"கீழ்ப்பரப்பு?" என்று தேவசகாயம் கேட்டார்.

"அது இந்த ஆவணத்துல வரல," என்றார் உத்திராபதி. "பாய், தலை எப்பவும் கெழக்கயே இருக்கணும். மாத்தி வெச்சா எல்ல தப்பாயிடும், காயிதம் செல்லாது. கடல் பக்கம் தலைன்னு ஞாபகம் வெச்சிக்க."

இப்படியாக லியாக்கத் அலி சாப்பாட்டை மூடுகிற வலைக்கூடையைத் தட்டின்மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். தனியார் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் காத்தவராயன் படியிலேயே மறித்தார்.

"மீன்கூடை ஏத்த மாட்டோம் பாய்."

"இது கூடை இல்லப்பா, தட்டு."

"மீனு?"

"மீனும் இல்ல. சாப்பாடு."

காத்தவராயன் குனிந்து வலைக்குள் பார்த்தார். "கண்ணு இருக்கு, வாலு இருக்கு. மீனுதான்."

"பொரிச்சாச்சே! பொரிச்சா அது குழம்பு வகையில சேந்துடும்," என்று உள்ளேயிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். "அப்ப கருவாடு?" என்று இன்னொருவர் கேட்டார். பஸ் இரண்டாகப் பிரிந்தது. எந்த நிமிஷத்தில் மீன் சாப்பாடாகிறது என்று டிரைவரிடம் கேட்டார்கள், மசாலா தடவினதும் என்றார் டிரைவர். அதே ஸ்டாப்பில் மீன்கூடையோடு ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்த ஆரோக்கியம்மாள் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டா காத்தவராயா! இருவது வருஷமா என் கூடைய ஒரு பஸ்ஸுல ஏத்துனியா நீ? பொரிச்சா ஏத்துவியா? நாளையிலேந்து நானும் பொரிச்சி எடுத்தாறேன், கூடையோட!" என்று தொடங்கி, காத்தவராயனின் மூன்று தலைமுறையை விசாரித்தார். அந்த வாய்க்குப் பயந்தே காத்தவராயன் லியாக்கத் அலியை உள்ளே தள்ளி விசில் கொடுத்தார். தட்டுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார், அதில் 'இதர' என்று எழுதினார்.

லியாக்கத் அலி இடது ஜன்னலோரம் உட்கார்ந்து, மீனின் தலையைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஏன் என்று பக்கத்து ஆள் கேட்டார். கேட்டால் சும்மா இருப்பாரா, கீழ்ப்பக்கத்தைத் தவிரக் கதை முழுவதும் வெளியே வந்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் "மீனு, மீனு!" என்று பின்சீட்டுவரை கத்தினார்கள், டிரைவர் கர்ப்பிணியை ஏற்றியவர் போல ஓட்டினார். பஸ் வளையும்போதெல்லாம் நாலைந்து கைகள் வந்து தட்டைத் திருப்பித் தலையைக் கிழக்கே வைத்தன. புதுச்சத்திரத்தில் ஒரு அம்மாள் இறங்கும்போது, "தங்கச்சி வந்துடும்ண்ணே, கவலப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எல்லாரும் மேல்பக்கத்தைப் பார்த்து, "என்னா தோலு, என்னா கலரு" என்று புகழப் புகழ லியாக்கத் அலி வலைக்கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழ்ப்பக்கம் அவருக்கும், குனிந்து காதோடு கேட்டுத் தெரிந்துகொண்ட காத்தவராயனுக்கும்தானே தெரியும். அவள் ஒரு விரலால் புரட்டினால் போதும், முடிந்தது கதை. பெரிய சைஸ் சூட்கேஸ் இரண்டு.

லால்கான் தெருவில் யாசர் வீட்டு வாசலிலேயே நின்று தட்டை வாங்கிக்கொண்டார். "கெழக்கு எது மச்சான்?" என்று முதல் வார்த்தையாகக் கேட்ட லியாக்கத் அலியை அவர் ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே விரிப்பு விரித்து, சோறும் ரசமும் தயாராக இருந்தன. சூட்கேஸ் இரண்டும் சுவரோரம் நின்றன. பெரிய சைஸ்தான், யாசர் பொய் சொல்லவில்லை. பழைய கல் அவற்றின் பக்கத்தில் பெட்ஷீட்டோடு சாய்ந்திருந்தது.

அஜீசுன்னிசா வந்து உட்கார்ந்தார். ஆறு நாளில் அவர் இளைத்திருந்தாரா, லியாக்கத் அலிக்கு அப்படித் தோன்றியதா தெரியாது. நலம்கூட விசாரிக்கவில்லை. யாசர் காகிதத்தை உரக்க வாசித்தார். 'மேற்பரப்பில்' என்ற இடம் வந்தபோது அஜீசுன்னிசாவின் புருவம் ஒன்று மேலே போயிற்று.

ஆனால் அவர் மீனைத் தொடவில்லை. கீரையைத்தான் தொட்டார். கொஞ்சம் எடுத்து விரலால் பரப்பிப் பார்த்தார், திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.

"யாரு ஆஞ்சது?"

"நான்தான்."

"காம்பு ஒண்ணுகூட இல்லியே." சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார். "எவ்ளோ நேரம் ஆச்சி?"

"ரெண்டு மணி நேரம். முதுகு புடிச்சிக்கிச்சி." லியாக்கத் அலி இடுப்பைத் தடவிக்கொண்டார். "உனக்கும் புடிக்கும்ல? நீ சொன்னதே இல்லியே."

அஜீசுன்னிசா மீன் பக்கம் கையை நீட்டினார். விரல் மீனில் படுவதற்குள் லியாக்கத் அலி குறுக்கே கையை வைத்துவிட்டார்.

"அஜீசு, திருப்பாத. கீழ ஒட்டிக்கிச்சி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நல்ல பக்கத்த மேல வெச்சி உன்ன ஏமாத்தப் பாத்தேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். யாசர், "போச்சு," என்று முனகியது எல்லாருக்கும் கேட்டது.

அஜீசுன்னிசா நிதானமாக அவர் கையை விலக்கி, மீனைப் புரட்டினார். தோலில்லாத வெள்ளைச் சதை மேலே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். முந்தானையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

"முப்பத்தி நாலு வருஷமா நான் வேற என்னா செஞ்சேன்னு நெனைக்கிறீங்க?" என்றார். "பாதி நாளு ஒட்டத்தான் செய்யும். புதுக் கல்லா இருந்தப்பவும் ஒட்டுச்சி, பழகின பெறகும் ஒட்டுச்சி. ஒடஞ்ச பக்கத்த கீழ வெச்சித்தான் உங்களுக்குப் போட்டேன். நீங்க மேல தின்னுட்டு, நடு முள்ள எடுத்துப் போட்டுட்டு, கீழயும் தின்னுட்டு எழுந்து போயிடுவீங்க. ஒரு நாளும் திருப்புனதில்ல. அன்னிக்கி, சம்பந்தி முன்னாடி, மொத தடவையா திருப்பிட்டு, முன்ன மாதிரி கை வர்றதில்லன்னீங்க பாருங்க... முன்ன எப்பிடின்னு உங்களுக்கு என்னா தெரியும்?"

முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை மீன் இருக்கும், அத்தனையின் கீழ்ப்பக்கமும் லியாக்கத் அலியின் கண்முன் வந்து நின்றது.

"தப்பு," என்றார் கடைசியில். "என் மேலதான் தப்பு."

"அது காயிதத்துல இல்லியே," என்றார் அஜீசுன்னிசா. உடைந்த பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார், இன்னொன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "உப்பு சரியா இருக்கு. சாப்புடுங்க, சோறு ஆறுது. யாசரு, நீயும் ஒக்காரு, ஏன் மரம் மாதிரி நிக்கிற?"

மூன்று பேரும் முள் வரைக்கும் சாப்பிட்டார்கள். முள்ளை ஒதுக்கியபிறகுதான் லியாக்கத் அலிக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"சார்ஜாவுக்கு?"

"போவாம? மவ பிரசவம்." அஜீசுன்னிசா எழுந்து போய்ச் சுவரோரம் சாய்ந்திருந்த கல்லை பெட்ஷீட்டோடு தூக்கி வந்து அவர் மடியில் வைத்தார். நல்ல கனம். "நாளைக்கி சாயந்தரம் ஏர்போர்ட்டுக்குக் காரு வருது, நீங்களும் வந்து ஏத்தி வுடணும். இத இன்னிக்கே வூட்டுக்குக் கொண்டு போயிடுங்க. வாரத்துக்கு ரெண்டு மீனாவது இதுல போடணும், இல்லன்னா கல்லுக்குப் பழக்கம் வுட்டுப் போயிடும். மூணு மாசம் கழிச்சி வந்து நான் போடறப்ப ஒட்டுச்சின்னா, அப்ப இருக்கு உங்களுக்கு."

"ஆம்லெட்டு?"

"ஆம்லெட்டு போட்டீங்க, அங்கியே இருந்துடுவேன்."

சாயந்தரம் திரும்பி வருவதற்கு அதே பஸ் வாய்த்தது, அதே காத்தவராயன்தான். லியாக்கத் அலி இடுப்பில் பெட்ஷீட் மூட்டையோடு படியேறுவதைப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"என்னா பாய், அம்மா வரலியா? திருப்பிப் பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க."

"அய்யய்யோ," என்றார் காத்தவராயன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னா?"

"அவுங்க கல்லு. அவுங்க மூணு மாசம் கழிச்சி வராங்க, இது முன்னாடி வருது."

காத்தவராயன் கொஞ்சம் யோசித்தார். கையிலிருந்த லக்கேஜ் டிக்கெட் கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, முன்சீட்டில் இருந்த ஒருவரை நகரச் சொல்லி, கல்லுக்கும் சேர்த்து இடம் பிடித்துக் கொடுத்தார்.